மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோன புக்கை

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஒன்பது வருடம் பிள்ளை பார்த்தேன். வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் தமிழ்ப் பெண்களின் சின்னப் பிள்ளைகளைக் காலை ஆறரைக்கு வாங்கி, குளிக்கவார்த்து, சோறு தீத்தி, நித்திரையாக்கி, பின்னேரம் திருப்பிக் கொடுப்பதுதான் என் தொழில். பெயர்ப்பலகை கிடையாது. ஒருத்தி வேலைக்குத் திரும்பப்போகிறாள் என்றால், அவளுக்கு முன்னால் என்னிடம் பிள்ளை விட்டவள் என் வீட்டைக் காட்டிவிடுவாள். கடைசி வருடத்தில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். நான் ஒரு நாள் படுத்துவிட்டால் பலெர்மோவில் ஏழு வீட்டில் உடுப்பு மினுக்க ஆள் இருக்காது என்று என் கணவரிடம் பெருமையடிப்பேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறார். நாள் முழுக்கச் சிப்பி கழுவிவிட்டு வருகிற மனிதர், என் பெருமைக்கெல்லாம் ஓம் ஓம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அது நிலத்தோடு இருந்த வீடு. கதவைத் திறந்தால் நேரே ஒழுங்கை, ஒழுங்கையில் ஸ்கூட்டர். ஒரு கையில் ஒரு பிள்ளையும் மற்றக் கையில் கரண்டியுமாக, வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டிக்கொண்டுதான் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஈரம்தான் பொல்லாதது. மழைக்காலத்தில் சுவரில் சாய்ந்தால் முதுகோடு சுண்ணாம்பு வரும். ஒவ்வொரு வருடமும் வெள்ளையடித்தோம், ஒவ்வொரு வருடமும் தை மாதத்துக்குள் அது கறுத்துப்போகும்.

ஏழு பேரில் ஒருத்தி ஐந்து மாதத்தில் என்னிடம் வந்தவள். எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று சொல்லுவதுதான் என் தொழிலுக்கு அழகு. ஆனால் உண்மை அதுவல்ல, அவள் எனக்கு வேறு. அவளுடைய தாய் வன்னிப் பெண், சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவள். கணவன் வேலை தேடி சுவிசுக்குப் போனான். முதலில் தினமும் கதைத்தான், பிறகு கிழமைக்கு ஒருக்கால், பிறகு இலக்கத்தையே மாற்றிவிட்டான். அவள் அழுது நான் பார்த்ததில்லை. காலையில் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறு என்று பஸ்சுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பிள்ளைக்கு இழுப்பு. இரண்டாவது மாரியில் நெஞ்சு கிர் கிர் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அவளும் நானும் மாறி மாறிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறிப் போய் ரொசலியா மாதாவுக்கு நேர்த்தி வைத்தோம். மாதாவிடமும் கேட்டாயிற்று, முருகனிடமும் கேட்டாயிற்று. கடைசியில் டொக்டர் சொன்னது, பிள்ளை பகல் முழுக்க இருக்கிற இடத்தில் ஈரம் இருக்கிறது, அதை மாற்றவேண்டும் என்று. அவள் அதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை, மருந்து எத்தனை தரம் கொடுக்கவேண்டும் என்று சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் சுட்டது. என் வீடு பிள்ளையை வருத்துகிறது என்று ஒரு டொக்டர் சொல்ல, நான் பிள்ளை பார்க்கிறவள் என்று எந்த முகத்தோடு சொல்லுவது? வீட்டை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லிபர்த்தா வீதிப் பக்கம். அகலமான வீதி, மரங்கள், பூங்கா, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கட்டிடங்கள். அதைவிட, என் ஏழு தாய்மாரும் வேலை செய்வது அங்கேதான். நூற்றியொன்றாம் பஸ் எடுத்து எப்படியும் அங்கே போகிறார்கள். பிள்ளையையும் கூடவே கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டு, அடுத்த தெருவில் வேலைக்குப் போகலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் ஓடிவரலாம், மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுக்கூடப் போகலாம். இந்த யோசனை எனக்கு வந்தபோது தலைகால் தெரியவில்லை. ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். எல்லாரும் "ஓம் அக்கா, நல்லது அக்கா" என்றார்கள். ஒருத்தியின் முகத்திலும் சந்தோஷம் தெரியவில்லை. வேலை செய்து களைத்த முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வீடு கிடைத்தது அந்த வன்னிப் பெண்ணின் வாய்வழியாகத்தான். தான் வேலை செய்கிற கட்டிடத்தில் முதலாம் மாடியில் பின்பக்கமாக ஒரு வீடு காலியாகக் கிடக்கிறது என்று ஏதோ கதையில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிவரைக்கும் வெயில் உள்ளே கிடந்தது. வீட்டைக் காட்ட வந்த ஆள் சமையலறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு சுவராகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்த சுவர். அந்த ஆள் எனக்கு மூளைப்பிசகு என்று நினைத்திருக்கவேண்டும்.

அந்த வீட்டை எடுக்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கட்டிடம் சரிவராது. அங்கை இருக்கிற ஆக்கள் ஒரு மாதிரி."

"ஆக்கள் எப்பிடி இருந்தா எனக்கென்ன? சுவர் காஞ்சிருக்கு."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். தான் குனிந்து தரை துடைப்பதை நான் பார்த்துவிடுவேன் என்று வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நான் துடைக்காத தரையா? என் மகனை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, அதே லிபர்த்தா வீதியில் பதினொரு வருடம் துடைத்தவள்தான் நானும். ஆனால் என்னை வேலைக்கு எடுத்த வீட்டில் உனக்குப் பிள்ளை இருக்கா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை நான் என் வாழ்க்கையில் சந்திக்கவில்லை. அதுதான் எனக்கு ஒன்றுமே விளங்காமல் போனதற்குக் காரணம். வேறு சாட்டு என்னிடம் இல்லை.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வியாழக்கிழமை விடிய நல்ல நேரம் கிடைத்தது. தாய்மார் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளைகளோடு வந்தார்கள். முன்வாசல் திறந்து கிடக்க, எல்லாரும் கார் விடுகிற பின்பக்கத்தால் ஏறி வந்தார்கள். ஒருத்தி பிள்ளை வண்டிலுக்கு மேலே சால்வையைப் போட்டு முழுக்க மூடியிருந்தாள். வைகாசி மாதத்து வெக்கைக்குச் சால்வை. இன்னொருத்தி பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். புது இடம், பணக்கார இடம், கண்ணூறுக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் போனதும் ஏழு பிள்ளைக்கும் கரும்பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போடவேண்டும் போலிருக்கிறது.

பால் பொங்கினால் புக்கை, அதாவது சர்க்கரைப் பொங்கல், பொங்கவேண்டும், பொங்கினால் அயலுக்குக் கொடுக்கவேண்டும். அது எங்கள் வழக்கம். பல்லரோவில் குடிவந்தபோதும் கொடுத்தேன். பங்களாதேஷ் கடைக்காரர், கானா நாட்டுக் குடும்பம், எதிரே இருந்த இறைச்சிக் கடைக்காரர் எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒன்பது வருடம் ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் இருந்தோம். இங்கேயும் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று, முந்திரிகைப்பருப்பு, உலர்ந்த திராட்சைப் பிளம்ஸ் எல்லாம் போட்டுத் தட்டுத் தட்டாகப் பரப்பினேன். கணவர் அன்றைக்கு லீவு. பிள்ளைகளை அவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

"இஞ்சை ஒருதருக்கும் ஒண்டும் குடுக்கவேண்டாம்," என்றார் அவர். "காலமை ஒரு போன்ஜோர்னோ சொன்னாக் காணும்."

"நீங்கள் சிப்பியோடை கதையுங்கோ, நான் மனுசரோடை கதைக்கிறன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாடியில் ஒரு கிழவர் வாங்கிக்கொண்டார். எதிர்க்கதவு திறக்கவில்லை. மூன்றாம் மாடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது வன்னிப் பெண் வேலை செய்கிற வீடு. அந்தக் கதவுக்குப் போவதற்கு முன்னால் கீழே வந்து, அவளுடைய பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, தலையிழுத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். தாய் வேலைக்கு நடுவில் பிள்ளையைக் கண்டால் சந்தோஷப்படுவாள். வீட்டுக்காரி, உன் பிள்ளை எவ்வளவு அழகு, யார் வளர்க்கிறார்கள் என்று கேட்பாள். நான் வளர்க்கிறேன் என்று சொல்லுவேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் என் மனதில் ஓடியது இதுதான்.

கதவைத் திறந்தது அவள். கையில் தூசு துடைக்கிற துணி. என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. பிள்ளை "அம்மா, வியேனி, அம்மா" என்று இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தாள். வா என்பதை அவள் எப்போதும் இத்தாலியனில்தான் சொல்லுவாள். தாய் கையை நீட்டவில்லை. துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வீட்டுக்கார அம்மா யாரது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் பென்சன் எடுத்த ஆசிரியை, தனியாக இருக்கிறவர். கீழே புதிதாக வந்தவர்கள், தனக்குத் தெரியாதவர்கள் என்று இவள் இத்தாலியனில் சொன்னாள்.

தெரியாதாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பிள்ளை வேறு கத்தத் தொடங்கிவிட்டாள், கரும்பொட்டு கரைந்து கன்னத்தில் வடிகிறது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். என் வாய் என்றைக்கு மூடியது?

"என்ன, சொந்தப் பிள்ளையைத் தூக்கமாட்டியோ?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். பிறகு சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த நல்ல இத்தாலியனில், பிழையில்லாமல், இது இவளுடைய மகள், பலெர்மோவில் பிறந்தவள், ஐந்து மாதத்திலிருந்து நான்தான் வளர்க்கிறேன் என்று சொல்லிமுடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் துணியைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை தாயின் கழுத்துக்குள் முகத்தை வைத்து விம்மியது. சிஞ்ஞோரா சத்தம் போடவில்லை. அழகான பிள்ளை என்றார், தலையைத் தடவினார். என்னிடம் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கழுவித் துடைத்து, நாலு எலுமிச்சம்பழம் வைத்துத் திருப்பித் தந்தார். வெறுந்தட்டுத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது இவர்களுக்கும் தெரிகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம், ஒரே புளுகம். ஏதோ ஒன்று உறுத்தியதுதான். ஆனால் உறுத்தலை விடப் புளுகம் பெரிதாக இருந்தது. கீழே வந்து கணவருக்கு எலுமிச்சம்பழத்தைக் காட்டி, "பாத்தியளோ?" என்றேன்.

சனிக்கிழமை அவள் வேலை முடியாத நேரத்தில் வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சிஞ்ஞோரா வீட்டுத் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேலையால் நிற்பாட்டிவிட்டார் என்று சொன்னாள். பிள்ளை இருப்பது பிழையில்லையாம். இரண்டு வருடம் தன்னுடைய மேசையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு பொய் சொன்னதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லையாம். வேலை கேட்டுப் போன முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, சின்னப் பிள்ளை இருக்கா என்பது. இருந்தால் காய்ச்சல், பல்வலி என்று வராமல் நிற்பாய் என்று சொல்லியிருக்கிறார். இவள் இல்லை என்றாள். கலியாணமே ஆகவில்லை என்றாள். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம்.

"மூண்டு மாசம் நெஞ்சிலை துணி வைச்சுக் கட்டிக்கொண்டுதான் அக்கா அந்த வீடு துடைச்சனான். பால் நனைச்சாத் தெரிஞ்சுபோம் எண்டு."

ஏன் என்னிடம் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சொன்னா நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுவியள் எண்டு பயந்தனான்."

அவள் சொன்னது சரி. சொல்லியிருப்பேன். இரகசியம் என்று சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் நான் மேலே போனேன். பிழை என்னுடையது, அவளை மன்னித்துத் திருப்பி எடுங்கள் என்று கெஞ்சினேன். சிஞ்ஞோரா எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, முடிந்தது முடிந்ததுதான், ஆனால் நீ நேர்மையான பெண் என்றார். ஒரு மனிதரை நேர்மையானவர் என்று சொல்லுவது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே நாங்கள் தங்கியிருப்பதற்குப் பெர்மெஸ்ஸோ வேண்டும். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். அவளுக்கு இரண்டு மாதத்தில் புதுப்பிக்கவேண்டி இருந்தது. அவசரத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வேலை, கடற்கரைப் பக்கம் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரை இராப்பகலாக அங்கேயே தங்கிப் பார்க்கிற வேலை. ஞாயிறு அரை நாள் மட்டும் லீவு. பிள்ளையோடு போகமுடியாது. நான் அவளிடம், பிள்ளையை என்னிடமே விடு, இரவும் பகலும் நான் வைத்திருக்கிறேன், ஒரு சதம் வேண்டாம், இந்த வீட்டில் ஈரமில்லை என்று சொன்னேன். கிட்டத்தட்டக் காலில் விழுந்தேன்.

"உங்களிலை எனக்குக் கோவம் இல்லை அக்கா," என்றாள் அவள். "ஆனா பிள்ளையை உங்களிட்டை விடமாட்டன்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஒரு கிழமை கழித்து வந்து, என்னிடம் இருந்த பிள்ளையின் மாற்றுடுப்பு இரண்டையும், இழுப்புக்கு வைக்கிற பம்பையும் முகமூடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு பிள்ளையைக் கிளிநொச்சியில் இருக்கும் தன் தமக்கையிடம் அனுப்பிவிட்டாள் என்பது எனக்குப் பல்லரோவில் மரக்கறி வாங்கப் போனபோது கடையில் நின்ற ஒருத்தி சொல்லித்தான் தெரியும். அதற்குள் பிள்ளை போய் நாலு நாள் ஆகியிருந்தது. வாங்கிய வெண்டிக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டரை வயதுப் பிள்ளை, அந்தப் பெரியம்மாவின் முகத்தைப் போனில் மட்டும் பார்த்த பிள்ளை. அந்த மாதத்தில் நான் அழுத அழுகையை என் சொந்தத் தாய் செத்தபோதும் அழவில்லை.

மிச்சம் ஆறு பேர். சண்டை போட்டு ஒருத்தியும் போகவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒருத்திக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருத்திக்கு பஸ் தூரமாகிவிட்டது, ஒருத்தியின் பிள்ளைக்கு லிஃப்ட் என்றால் பயம். எல்லாரும் "வாறம் அக்கா" என்றுதான் சொன்னார்கள், வராமல் விட்டார்கள். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் பிள்ளை இல்லாதவர்களாக, அல்லது பிள்ளை ஊரில் இருப்பதாகச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களை நான் எங்கே கொண்டுவந்து விட்டேன்? தங்கள் தங்கள் சிஞ்ஞோரா நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற தெருவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச்செய்தேன். பத்து நிமிடத்தில் ஓடிவரலாம் என்று நான் பெருமைப்பட்டேனே, அதுதான் அவர்களுக்கு நெஞ்சிடி. பல்லரோ ஒழுங்கை ஈரமும் நாற்றமும்தான், ஆனால் அங்கே எந்தச் சிஞ்ஞோராவும் வரமாட்டார். பழைய ஒழுங்கையில் இப்போது ஒரு இளம் பெண் பிள்ளை பார்க்கிறாள். ஆறு பேரும் அவளிடம்தான் போகிறார்கள். அவள் அதிகம் கதைக்கமாட்டாளாம்.

ஆவணி முடிய என் வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. வெயில் மட்டும் இரண்டு மணிவரை வந்து கிடந்தது. நாலு வருடத்துக்குக் கையெழுத்து வைத்த வீடு, கணவருடைய சம்பளம் வாடகையோடு முடிந்துவிடும். புதிதாக யாரும் வருவார்களா என்று புரட்டாதி முழுக்கப் பார்த்தேன். போனில் அழைத்தவர்களும் என் பெயரைக் கேட்டதும் பிறகு கதைக்கிறோம் என்றார்கள். இத்தாலியத் தாய்மார் வருவார்கள் என்ற நப்பாசையும் இருந்தது. ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, உனக்குச் சான்றிதழ் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்போதுதான் மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா கீழே இறங்கிவந்தார். வன்னிப் பெண்ணுக்குப் பிறகு இரண்டு பேரை வைத்துப் பார்த்தாராம், ஒருவரும் சரிவரவில்லையாம். கிழமையில் மூன்று நாள் மேலே வரமுடியுமா என்று கேட்டார். உன்னை எனக்குத் தெரியும், நீ உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவள் என்றார். யோசிக்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பிறகென்ன, போ" என்றார்.

இப்போது எட்டு மாதமாக அந்த வீட்டில் வேலை செய்கிறேன். சிஞ்ஞோரா நல்ல மனிதர். நேரத்துக்குச் சம்பளம் தருவார், பதினொரு மணிக்குத் தன்னோடு மேசையில் இருத்திக் கோப்பி தருவார். வன்னிப் பெண் என் போனை எடுப்பதில்லை. அவள் வேலை செய்கிற கடற்கரைப் பக்கத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பார்த்தேன், காணவில்லை. பிள்ளையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தெரியாது அக்கா என்கிறார்கள். தெரிந்தாலும் எனக்குச் சொல்லமாட்டார்கள். வன்னியில் காற்றுக்காலத்தில் புழுதி கண்ணைத் திறக்கவிடாது. பம்பில் மருந்து முடிந்தால் அங்கே யார் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை நான் துணி மினுக்கிக்கொண்டு நிற்க, சிஞ்ஞோரா திடீரென்று அந்தச் சின்னவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அன்றைக்குத் தலையைத் தடவியது தனக்கு அடிக்கடி நினைவு வருகிறதாம், தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் சில நாள் தோன்றுகிறதாம். நான் தலையணை உறையை மடித்து வைத்தேன். நல்ல சுகமாக இருக்கிறாள், பாலர் வகுப்புக்குப் போகிறாள், இழுப்பெல்லாம் மாறிவிட்டது என்று சொன்னேன்.

சிஞ்ஞோராவுக்கு நிம்மதியாகிவிட்டது. வேறு யாரும் சொல்லியிருந்தால் நம்பமாட்டேன், நீ சொல்லுவதால் நம்புகிறேன் என்றார்.